வெள்ளம் வடிந்தபின் எழுதவும்

என் வீட்டுக்காரர் பெயர் கைலாசம் பிள்ளை. கட்டிய புருஷன் பெயரை ஒருத்தி இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொல்லலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். பதினெட்டு வருஷம் சொல்லாமல்தான் இருந்தேன். சொல்லாமலிருந்து கண்ட லாபம் எனக்குத்தான் தெரியும். ஆகவே சொல்கிறேன்: கைலாசம் பிள்ளை. பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பும், ஒரு பழைய ஐஸ் பெட்டியும், எல்லைப் போராட்டத்தில் பதினோரு நாள் சிறைவாசமும் உடையவர்.

பதினோரு நாள்தான். ஆனால் அவர் சொல்லிக் கேட்டால் அந்தமானிலிருந்து நீந்தி வந்தவர் என்று நினைப்பீர்கள்.

ஐம்பத்து நாலாம் வருஷம் அது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் முழுக்கக் கூட்டமும் கோஷமுமாக இருந்தது. அதில் எனக்கும் மறுப்பு கிடையாது. நான் பிறந்ததும் தமிழ் வீடு, வாக்கப்பட்டதும் தமிழ் வீடு. என் மறுப்பெல்லாம் ஒன்றுதான். சர்க்காரிடம் காட்ட வேண்டிய வீரத்தை இவர் என் அடுக்களையில் காட்டினார். சிறையிலிருந்து வந்த மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, அடுக்களைக் கதவில் சாக்குக் கட்டியால் மூன்று வார்த்தைகளை எழுதினார். பட்டி, கசேரை, வெள்ளம். இந்த மூன்றும் மலையாளச் சொற்கள், இனி இந்த வீட்டில் ஒலிக்கக் கூடாது, நாய், நாற்காலி, தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "ஆனந்தவல்லி, அந்தக் கசேரையை இஞ்ச இழுத்துப் போடு" என்றார்.

நாய் எங்களிடம் கிடையாது. நாற்காலியில் உட்காருகிற ஆள் வீட்டில் அவர் ஒருவர்தான். மிச்சமிருந்தது தண்ணீர். எங்கள் பக்கத்தில் குடிப்பதும் வெள்ளம், குளிப்பதும் வெள்ளம், கிணற்றில் கிடப்பதும் வெள்ளம். தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் வேறு எதற்குச் சண்டை போட்டாலும் அந்த வார்த்தைக்காகச் சண்டை போட்டதில்லை. இரண்டு பேருக்கும் தாகம் எடுத்தால் வாயில் வருவது அதுதான். இவருக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது, சிறைக்குப் போகிற வரைக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். உமையம்மாள், பதினோரு வயது, உமை என்று கூப்பிடுவோம். ஒன்பதாவது வயதில் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தார்கள். தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள், நானே போடக் கற்றுக்கொண்டேன். முதல் ஒரு மாதம் அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்றதும், கைலாசம் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சொந்த ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன மண்ணெண்ணெய் ஐஸ் பெட்டியைத் தேடிப் போய் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டிக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். அந்த மனிதரை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இத்தனை கோபம் எனக்கு வராது.

பெட்டி ஆள் உயரம். அடியில் ஒரு விளக்கு எரியும். மேலே ஐஸ் பிடிக்கும். கீழே நெருப்பை வைத்து மேலே எப்படிக் குளிர வைக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, நம்பாமல் திரும்பிப் போனார்கள். ஒன்றரை வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. அந்த வருஷம் மேட மாசத்தில்தான், நல்ல சித்திரை வெயிலில், அடியிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம்தான் கசிந்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கந்தைத் துணியால் துடைத்தேன். ஒரு வாரம் துடைத்த பிறகு எனக்கு ஒரு மூளை வேலை செய்தது. பெட்டிக்குப் பின்னால் சுவரில் கழுவுகிற தண்ணீர் வெளியே போக ஓவு இருக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் தண்ணீர் பின்னால் ஓடி ஓவு வழியே போய்விடும் அல்லவா? வீடு முழுக்கத் திரும்பின பக்கமெல்லாம் போராட்ட நோட்டீஸ் கட்டுகள். காகிதத்தில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினவை. அதில் ஒன்றை எடுத்து, ஒரு பலகையால் பெட்டியை நெம்பி, முன் கால்களுக்கு அடியில் சொருகினேன். தண்ணீர் நான் சொன்ன வழியே போனது. தாலுகாவை இழுக்க இத்தனை பேர் பாடுபடுகிறார்கள், தண்ணீரை இழுக்க நான் ஒருத்தி போதும் என்று பெருமைப்பட்டேன்.

பெருமை மூன்று நாள் நீடித்தது. நான்காம் நாள் தண்ணீர் குடம் உடைந்த மாதிரி கொட்டியது. ஐஸ் உருகி ஒழுகியது. பெட்டியைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சி குறைந்திருந்தது. உள்ளே இருப்பது தயிரும் மோரும் என்றால் போகட்டும் என்று விடலாம். உள்ளே இருப்பது என் பிள்ளையின் உயிர்.

இவரிடம் சொன்னேன். இவருக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை இருந்தது. ராஜ்ய எல்லைகளைத் திருத்த டில்லி போட்டிருந்த கமிஷன் முன்னால் வைப்பதற்காக, எந்தெந்த வீட்டில் யார் யாருக்குத் தமிழ் தாய்மொழி என்று வீடு வீடாக ஏறி இறங்கி எழுதின பெயர்ப் பட்டியலைக் காணவில்லை. அலமாரியில் வைத்ததாகச் சத்தியம் செய்தார். அலமாரியில் இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். அன்று சாயங்காலமே பாறசாலையில் நடந்த கூட்டத்தில் மேடை ஏறி, "என் இல்லத்தில் புகுந்து, தமிழினத்தின் பிறப்புச் சான்றிதழைத் திருடிய போலீஸே!" என்று முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டத்துக்குக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தன்னையா சொல்கிறார் என்று சுற்றும் முற்றும் பார்த்தாராம்.

"பெட்டி சோருது, கேட்டியளா? உதியன்குளங்கரை சோமனைக் கூப்பிட்டுக் காட்டணும்" என்றேன்.

சோமன் என்பவர் பெட்ரோமாக்ஸ், ஸ்டவ், தையல் மிஷின் எல்லாம் பழுது பார்ப்பவர். இளம் வயதில் மலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். இந்த மாதிரி ஐஸ் பெட்டியின் உள்ளும் புறமும் தெரிந்த ஆள் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அவர் வீட்டில் பேசுவது மலையாளம், கடையில் பேசுவது எங்கள் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"சோமனா?" என்றார் இவர், எதிரே ஐந்நூறு பேர் இருப்பது போல. "ஒரு மலையாளியின் கை நம் குளிர்ப்பெட்டியின் மேல் படுவதா? இந்தத் தாலுகா தாயகத்தோடு இணையும் வரை அது நடவாது. நான் சென்னைக்கே எழுதுகிறேன். ஒரு தமிழ் மெக்கானிக் வருவான்."

"மெட்ராஸ் எங்க கெடக்கு, உமைக்க மருந்து எங்க கெடக்கு?"

"பொறு. தமிழன் தமிழனைக் கைவிட மாட்டான்."

அன்றே எழுதினார். மவுண்ட் ரோட்டில் அந்தப் பெட்டிக்கு ஏஜெண்டாக இருந்த கம்பெனிக்கு. இரண்டு தடவை எழுதிக் கிழித்து, மூன்றாவது தடவை எழுதினதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "பெருமதிப்பிற்குரிய ஐயன்மீர்! தங்களது குளிர்ப்பெட்டியின் அடிப்பாகத்திலிருந்து வெள்ளம் ஓயாது சோர்ந்துகொண்டிருக்கிறது. இரவும் பகலும் அடுக்களை முழுவதும் வெள்ளம் கெட்டிக் கிடக்கிறது. வெள்ளத்தில் நின்றுகொண்டே என் மனையாள் சமைக்க வேண்டிய நிலை. உடனடியாக ஆள் அனுப்புக. தமிழ் வாழ்க!" எனக்குக் கேட்கக் கேட்கக் கண் கலங்கியது. நான் படும் பாட்டை இத்தனை அழகாக இவர் என்றைக்கும் சொன்னதில்லை. அவருடைய காதிலும் எதுவும் உறுத்தவில்லை, என் காதிலும் எதுவும் உறுத்தவில்லை. ஒட்டித் தபாலில் போட்டோம்.

பதில் வருகிற வரை சும்மா இருக்க எனக்கு மனசில்லை. இரண்டு நாள் கழித்து அவர் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து உதியன்குளங்கரைக்கு நடந்தேன். சோமன் ஒரு ஸ்டவ்வைக் கவிழ்த்துப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளம் சோருதா? குளிர்ச்சியும் இல்லியா?" என்றார். "அது சின்ன வேலையாக்கும் அக்கா. அரை மணிக்கூர்."

"அப்ப வாருமே சோமன். இப்பமே போவோம்."

அவர் ஊதுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். கடை போர்டு. அதில் மலையாளத்தில் எழுதியிருந்த பெயர் மேல் ஒரு சாண் அகலத்துக்குத் தார் பூசியிருந்தது. போன மாதம் ஊர்வலம் போன கூட்டம் செய்த வேலை. இவர் தார் பூசவில்லை என்று எனக்குத் தெரியும். தார் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர் என்பதும் தெரியும்.

"அது எங்க அச்சனுக்க பேராக்கும்" என்றார் சோமன், தகப்பன் பெயர் இருந்த இடத்தைக் காட்டி. "எனக்கு உங்ககிட்ட ஒரு பிணக்கமும் இல்ல. பிள்ளைவாள் ஒருக்கா வந்து, 'சோமா, வா'ன்னு ஒரு வாக்கு சொல்லட்டு. வேற ஒண்ணும் வேண்டாம். ஸ்பானரையும் எடுத்துட்டு ஓடி வாறேன்."

ஒரு வாக்கு. இரண்டு வார்த்தை. முக்கால் மணி நேரம் மேடையில் பேசுகிறவருக்கு இரண்டு வார்த்தை என்ன பெரிய பாடு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவன் என்னை மண்டியிடச் சொல்கிறான்" என்றார். அப்புறம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மண்டியிடாமல்தான்.

மெட்ராஸ் பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது. அழகான தாளில் டைப் அடித்து வந்தது. தபால்காரர் முன்னாலேயே பிரித்து, உரத்த குரலில் இவர் வாசிக்க ஆரம்பித்தார். நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

"அன்புடையீர், தங்கள் பகுதியில் ஏற்பட்டுள்ள கடும் வெள்ளத்தைப் பற்றி அறிந்து எமது நிர்வாகம் மிகவும் வருந்துகிறது. வெள்ளம், இடி, நிலநடுக்கம் முதலிய இயற்கைச் சேதங்களுக்குக் கம்பெனி பொறுப்பேற்க இயலாது. இருப்பினும், வெள்ளம் வடிந்தபின் எழுதவும். அதுவரை தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் மேடான இடத்தில் தங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வாசிக்க வாசிக்க இவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அடியில் ஒரு பின்குறிப்பும் இருந்தது. அதை இவர் வாசிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் நான் எடுத்துப் பார்த்தேன். "தங்கள் தாய்மொழி மலையாளமாக இருந்தும் தமிழில் எழுத முயன்றதற்கு நன்றி. சிரமமிருப்பின் இனி ஆங்கிலத்திலேயே எழுதலாம்."

வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பதினோரு நாள் சிறை இருந்து தமிழன் என்று நிரூபித்தவருக்கு மெட்ராஸ்காரன் கொடுத்த சர்டிபிகேட் அது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் கையை விட்டால் அடுக்களையை விடச் சூடாக இருந்தது. குப்பியை வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் அதிலேயே வைத்திருந்தேன்.

இவருக்கு அந்தக் கடிதம் எங்கே வலித்ததோ, அந்த வலியை எல்லாம் அந்த ஒரு வார்த்தையின் மேல் காட்டினார். அன்றிலிருந்து உமை தண்ணீர் கேட்கும்போதெல்லாம் பாடம் நடந்தது.

"அப்பா, இத்திரி வெள்ளம்."

"என்ன?"

"இத்திரி தண்ணீர்."

"இத்திரி இல்லை. கொஞ்சம்."

"கொஞ்சம் தண்ணீர்."

"முழுவதும் சொல்."

"அப்பா, எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்."

அதற்கு அப்புறம்தான் தம்ளர் அவள் கைக்குப் போகும். இப்படி ஒரே பகலில் ஒன்பது தடவை நடந்தது. ஒன்பது தடவை கேட்டாள் என்று நான் எண்ணினேன். ஒன்பதில் நான்கு தப்பு என்று அவர் எண்ணினார்.

எண்ணின நான் என்ன செய்தேன்? வியாதி கண்டுபிடிப்பதற்கு முன்னாலும் அவள் இப்படித்தான் குடம் குடமாகக் குடித்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், மேட மாசத்து வெயில் அல்லவா, எல்லோருக்கும்தானே தாகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசி தவறாமல் போடுகிறேனே, அப்புறம் என்ன பயம் என்று நினைத்தேன். அவரைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. முழு உரிமை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மத்தியானம் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பாயில் படுத்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். வாயில் அழுகின பழ வாசம் அடித்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள். கைலாசம் பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடி, ஒரு வாடகைக் காரின் குறுக்கே போய் விழாத குறையாக நின்று மறித்தார். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரை பிள்ளையின் தலை என் மடியில், கால் அவர் மடியில்.

ஆஸ்பத்திரி முழுக்க மலையாளம். கைலாசம் பிள்ளை அங்கே பேசின மலையாளத்தைப் போலச் சுத்தமான மலையாளத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. ஒரு தமிழ் வார்த்தை கலக்கவில்லை. காவல்காரனிடம் பேசினார், நர்ஸிடம் பேசினார், பெரிய டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். இத்தனை மலையாளத்தை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியம். எந்தப் பாஷையில் கெஞ்சினால் பிள்ளை பிழைப்பாளோ அந்தப் பாஷையில் கெஞ்சினார், அவ்வளவுதான்.

டாக்டர் நாங்கள் கொண்டுபோன மருந்துக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஐஸ் பெட்டியில் என்றோம். ஐஸ் பெட்டியின் நிலைமையைக் கேட்டார். சொன்னோம்.

"இதிலே மருந்து இல்லா" என்றார். "இது வெறும் வெள்ளம். ரண்டு ஆழ்ச்சயா நீங்ஙள் குட்டிக்கு வெள்ளம் குத்தி வெச்சிருக்கு." இரண்டு வாரமாகப் பிள்ளைக்கு வெறும் தண்ணீரைத்தான் ஊசியில் ஏற்றியிருக்கிறேன்.

அப்புறம், அந்தச் சீமைப் பெட்டியை நம்பினதற்குப் பதிலாக ஒரு மண்சட்டியில் நனைந்த மணலைப் போட்டு அதில் வைத்திருந்தாலே மருந்து கெட்டிருக்காது என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு நாள் உமை கண் விழிக்கவில்லை. ஊசியும் குழாயுமாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் இமை அசைந்தது. கட்டில் பக்கத்தில் இவர்தான் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்துப் போயிருந்தது. அவள் வாயைத் திறந்து "வெ" என்று ஆரம்பித்தாள். எதிரே இருப்பது அப்பா என்று தெரிந்ததும் நிறுத்தினாள். நிறுத்தி, எச்சில் கூட இல்லாத வாயால், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்:

"அப்பா, எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்."

ஒரு தப்பு கூட இல்லை. வகுப்பில் முதல் மார்க் கொடுக்கலாம். கைலாசம் பிள்ளை எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். தண்ணீரை நான்தான் கொடுத்தேன்.

உமையை அழைத்துக்கொண்டு நாங்கள் திரும்பின அன்று புது மருந்துக் குப்பியை ஈரத்துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். வண்டி உதியன்குளங்கரை வந்ததும் இவர் நிறுத்தச் சொன்னார். இறங்கி, சோமன் கடைக்கு எதிரே போய் நின்றார். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். இவர் தலையைத் தூக்கி அந்தத் தார் பூசின போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சோமா, வா. பெட்டியிலே வெள்ளம் சோருது."

மேடைத் தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சோமன் எழுந்து துண்டால் கையைத் துடைத்தார். "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "இருக்கா" என்றார் இவர். சோமன் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். போர்டை இவர் எப்போது துடைத்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது தார் இல்லை, வீட்டில் இவருடைய வெள்ளை வேட்டி ஒன்றையும் காணவில்லை.

சோமன் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு ஆணியையும் தொடவில்லை. பையிலிருந்து கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டத்தை எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி ஒரே ஓட்டமாக முன் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"அதுதானே பார்த்தேன்" என்றார். "அக்கா, இந்தப் பெட்டிக்க உள்ளே மோட்டார் ஒண்ணும் கிடையாது. விளக்குச் சூட்டிலே உள்ள மருந்து தானே ஏறி, தானே குழாய் வழி இறங்கணும். பெட்டி சரிஞ்சு நின்னா அது இறங்காம வழியிலேயே கெட்டிக் கிடக்கும். பிறகு எங்ஙன குளிரும்? பிடிச்ச ஐஸ் எல்லாம் உருகும். அந்த வெள்ளமாக்கும் இது. பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல. முன்னாலே ஆரோ முட்டு வச்சிருக்கு."

நான் பெட்டியின் முன் கால்களைப் பார்த்தேன். அந்த ஆரோ நான்.

சோமன் பெட்டியை நெம்பி, அடியிலிருந்து அந்த நோட்டீஸ் கட்டை உருவினார். ஊறிப் பருத்து இரண்டு மடங்காகியிருந்தது. மேல் காகிதம் கையோடு வந்தது. உள்ளே இருந்தது நோட்டீஸ் இல்லை. கோடு போட்ட தாள்கள். நீல மை கரைந்து தாள் முழுக்கப் பரவியிருந்தது. கைலாசம் பிள்ளை அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போலீஸ் திருடின பெயர்ப் பட்டியல் என் அடுக்களையில் ஐஸ் பெட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் வச்சேன்" என்றேன். "நோட்டீஸ்னு நினைச்சேன். பெட்டி சரிஞ்சதும் என்னாலே. பிள்ளை கெடந்ததும் என்னாலே." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இந்த மூன்று வாரமும் அவரைத் திட்டினதெல்லாம் என் வாயிலேயே திரும்பி வந்து கசந்தது.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன். சோமன்தான் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நடுவில் நனையாமல் இருந்த ஒரு தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். தமிழ் நன்றாகவே வாசிப்பார்.

"எலே, இதென்ன?" என்றார். "'சோமன், உதியன்குளங்கரை, மிஷின் வேலை, தாய்மொழி தமிழ்.' பிள்ளைவாள், நான் எப்பம் தமிழன் ஆனேன்?"

கைலாசம் பிள்ளை தொண்டையைச் செருமினார். "நீ பேசுறது தமிழ்தானே?"

"நான் பேசுறது தமிழா? சரி. அப்படின்னா நான் சொல்லுற வெள்ளமும் தமிழ்தானே?"

இவர் அடுக்களைக் கதவுப் பக்கம் திரும்பினார். கதவில் சாக்குக் கட்டியால் எழுதின மூன்று வார்த்தைகளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

முதலில் ஏற்பட்ட கசிவு எதனால் என்பதையும் சோமன் கண்டுபிடித்தார். உருகுகிற நீர் வெளியேறும் குழாய்க்குள் ஒரு கறிவேப்பிலை அடைத்திருந்தது. ஒரு ஈர்க்கில் குச்சியை விட்டு இழுத்தார், வந்துவிட்டது. மெட்ராஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதின நேரத்துக்கு ஒரு விளக்குமாறே செய்திருக்கலாம். மறுநாள் காலையில் பெட்டியில் வெண்மையாக ஐஸ் பிடித்திருந்தது. இருந்தாலும் மருந்துக் குப்பிக்கு நான் மண்சட்டியும் நனைந்த மணலும் தனியாக வைத்துக்கொண்டேன். இனி எந்தப் பெட்டியையும், எந்தக் கட்சியையும், என் மூளையையும் முழுதாக நம்புவதில்லை என்று முடிவு.

போலீஸ் திருடவில்லை, என் பெண்டாட்டிதான் முட்டுக் கொடுத்தாள் என்று இவர் மறுபடி மேடை ஏறிச் சொன்னாரா என்று கேட்காதீர்கள். ஊரில் இன்றைக்கும் திருடியது போலீஸ்தான்.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. அந்தக் கம்பெனிக்காரர்களின் பொறுப்புணர்ச்சியைப் பாராட்ட வேண்டும். "தங்கள் ஊரில் வெள்ளம் வடிந்துவிட்டதா என்று தெரிவிக்கவும்." இவர் அன்று சாயங்காலம் கசேரையில் உட்கார்ந்து ஒரே தடவையில் பதில் எழுதினார். கிழிக்கவில்லை. எனக்கு வாசித்துக் காட்டினார்.

"ஐயா, வெள்ளம் வடியவில்லை. எங்கள் ஊரில் அது வடியாது. நாங்கள் குடிப்பது, குளிப்பது, பிள்ளை குட்டிகளுக்குக் கொடுப்பது எல்லாம் அதைத்தான். பெட்டியை எங்கள் ஊர் ஆள் ஒருவரே சரி செய்துவிட்டார். ஆள் அனுப்ப வேண்டாம். இப்படிக்கு, கைலாசம் பிள்ளை, பாறசாலை. தாய்மொழி: தமிழ்."

தமிழ் என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அதற்கு மெட்ராஸிலிருந்து பதில் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து டில்லியிலிருந்து ஒரு பதில் வந்தது. கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது, நாங்கள் வடக்கே, மலையாள ராஜ்யத்திலேயே நின்றுவிட்டோம். அன்று இவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அந்த வருத்தத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

உமைக்கு இப்போது பதின்மூன்று. ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள். அப்பாவிடம் தாகத்துக்குக் கேட்கும்போது மட்டும் இன்னமும் ஒரு நொடி தயங்கி, எந்த வார்த்தை என்று யோசிப்பாள். அந்த ஒரு நொடியை இவரால் தாங்க முடிவதில்லை. அவள் எந்த வார்த்தையும் சொல்வதற்கு முன்னால் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.